குப்பம் எல்லாம் குப்பைப் பிரிவில் விழுகிறது: புகார்களைச் சொல் பார்த்துப் பிரிக்கும் விதியில் உதவி வேண்டும்

வியாசை வாலண்டியர்:

வணக்கம். வியாசர்பாடி, கொடுங்கையூர், எண்ணூர், தங்கசாலை பக்கத்துப் புகார்களைக் கூகுள் ஃபார்மில் வாங்கி ஷீட்டில் சேர்க்கிறோம். எல்லாரும் பேசுகிற மாதிரியேதான் எழுதுகிறார்கள். சொல்லைப் பார்த்துப் பிரிவு தானாக விழ வேண்டும். பிரிவு தப்பினால் புகார் வேறு அலுவலகத்துக்குப் போய்விடும்: குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்துக்கு (1916), குப்பை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, கொசு மாநகராட்சிக்கு (1913). அதனால் இதைச் சரியாகச் செய்தே ஆக வேண்டும்.

ரீஜெக்ஸ்மேட்ச் (உரையில் ஒரு சொல்வடிவம் இருக்கிறதா என்று பார்ப்பது) வைத்து, ஐஎஃப்எஸ் (முதலில் பொருந்தும் நிபந்தனையின் பதிலைத் தருவது) உள்ளே, மேலிருந்து கீழாக இப்படிப் போட்டிருக்கிறேன். நிமிர்ந்த கோடு என்றால் "அல்லது":

குப்பை: குப்ப|தொட்டி|
கழிவுநீர்: சாக்கடை|கழிவு
மழைநீர்: மழை|தண்ணீர்
சாலை: சாலை|பள்ள
ஆக்கிரமிப்பு: கடை|நடைபாதை
விளக்கு: விளக்க|லைட்
கொசு: கொசு

"தொட்டி" சேர்த்த பிறகு எல்லாப் புகாரும் குப்பைக்கே போகிறது. அதற்கு முன்னாலும் சரியில்லை:

"தாழங்குப்பத்துல மூணு நாளா தண்ணி வரல": குப்பை
"தங்கசாலை மணிக்கூண்டு பக்கம் மேன்ஹோல் மூடி இல்ல": சாலை
"மூலக்கடையில லைட்டு எரியல": ஆக்கிரமிப்பு
"வாசல்ல தண்ணீரில் புழு": எதிலும் விழவில்லை
"கொசு மருந்து அடிக்கல": சில வரிகளில் பிடிக்கிறது, சிலவற்றில் இல்லை. கண்ணுக்கு ஒரே சொல்தான்.

சொல் எல்லைக் குறியும் (பின்சாய்கோடு, பி) போட்டுப் பார்த்தேன். போட்டதும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

ராயபுரம் ரீஜெக்ஸ்:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில். குப்பை விதியின் கடைசியில் ஒரு நிமிர்ந்த கோடு தொங்குகிறது பாருங்கள், "தொட்டி|" என்று. கோட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்றால் "வெற்றுச் சொல்லும் பொருந்தும்" என்று அர்த்தம், வெற்றுச் சொல் எல்லா வரியிலும் உண்டு. அதை அழித்தாலே பாதி சரியாகிவிடும். வரியின் முதலிலோ நடுவில் இரட்டைக் கோடாகவோ வந்தாலும் இதே கதைதான்.

எருக்கஞ்சேரி எழுத்துரு:

தம்பி, "தண்ணீர்" ஏன் "தண்ணீரில்"-ஐப் பிடிக்கவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மீதிப் பாதியும் தெளிவாகிவிடும்.

நமக்கு "ர்" ஒரே எழுத்து. கணினிக்கு அது ர, அதன் பின் புள்ளி, என இரண்டு குறி. "ரி" என்பது ர, அதன் பின் இகரக் குறி. நீங்கள் தேடுவது புள்ளியில் முடிகிறது, வரியில் அந்த இடத்தில் இகரக் குறி நிற்கிறது, பொருந்தாது. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு "தண்ணீர" என்று தேடுங்கள். தண்ணீர், தண்ணீரில், தண்ணீரை, தண்ணீருக்கு எல்லாம் விழும். இன்னும் குறைத்து "தண்ண" என்றால் தண்ணி, தண்ணிய, தண்ணிக்குழாய் வரை வரும். "மேன்ஹோல", "வடிகால", "கால்வாய" எல்லாம் இதே முறைதான்.

ஆனால் இதே வெட்டு இன்னொரு பக்கம் உங்களையே வெட்டும். புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத வெறும் எழுத்தில் நிறுத்தினால் அதன் பின் எந்த உயிர்க்குறி வந்தாலும் பொருந்தும். "மரம்" விழுந்த புகாருக்காக "மர" என்று போட்டால் "மருத்துவமனை" விழும், ஏனென்றால் "ரு" உள்ளே "ர" இருக்கிறது. "புகை"யைக் குறைத்து "புக" என்று போட்டால் "புகார்" விழும், அதாவது வருகிற எல்லா வரியும். நீங்கள் போட்ட "பள்ள" பள்ளிக்கூடத்தையும் பிடிக்கும். "விளக்க" என்பது "விளக்கம் தரவும்" என்பதையும் பிடிக்கும்.

மகரத்தில் முடிகிற சொற்களுக்கு வேற்றுமையில் வடிவமே மாறுகிறது. மூன்று கிளை எழுதுங்கள் (?: என்பது அடைப்பைக் கிளைகளைச் சேர்க்க மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது):

மர(?:ம|த்த|ங்க)
பள்ள(?:ம|த்த|ங்க)

மரம், மரமா, மரத்துல, மரத்தை, மரங்கள், மரங்க எல்லாம் உள்ளே. மருத்துவமனையும் பள்ளியும் வெளியே.

விளக்குக்கு: விளக்(?:கு|கி|கெ). இதிலும் "விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" வரும், துப்புரவுப் புகாரில் வருகிற துடைப்ப "விளக்குமாறு"ம் வரும். அதனால் "விளக்குமாற"-ஐ விலக்குப் பட்டியலில் வைக்க வேண்டும். "புகை"க்கு "புகைப்பட"-மும் அப்படியே. "புகைப்படம் இணைத்துள்ளேன்" என்று பலர் எழுதுவார்கள், எல்லாம் காற்று மாசில் போய் உட்காரும்.

வியாசை வாலண்டியர்:

அண்ணே, மிக்க நன்றி. கோட்டை எடுத்ததும் குப்பை வெள்ளம் நின்றது. சொல் எல்லைக் குறி ஏன் வேலை செய்யவில்லை?

ராயபுரம் ரீஜெக்ஸ்:

கூகுள் ஷீட்டில் ஓடுவது ஆர்ஈ2 என்கிற ரீஜெக்ஸ் இயந்திரம். அதில் சொல் எல்லைக் குறிக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் "எழுத்து". தமிழ் எழுத்தும் இடைவெளியும் அதற்கு ஒன்றுதான், நடுவில் எல்லையே தெரியாது. முன்பின் பார்க்கும் நிபந்தனையும் ஆர்ஈ2-வில் கிடையாது, அந்த வழியில் போக வேண்டாம்.

இடைவெளியையே எல்லையாக்குங்கள். வேறொரு பத்தியில் (நெடுவரிசையில்), புள்ளி, காற்புள்ளி, கேள்விக்குறி, வரி முறிவு எல்லாவற்றையும் இடைவெளியாக மாற்றி, முன்னால் ஓர் இடைவெளி, பின்னால் ஓர் இடைவெளி ஒட்டுங்கள். இனி சொல்லின் தொடக்கம் வேண்டும் என்றால் விதியில் முன்னால் ஓர் இடைவெளி விட்டால் போதும்.

இதை வைத்து "கடை"யைச் சரிசெய்யலாம். முன்னால் இடைவெளி விட்டால் மூலக்கடையும் போகும், சாக்கடையும் போகும் (உங்கள் விதியில் சாக்கடை தப்பித்தது கழிவுநீர் வரி மேலே இருந்ததால்தான்). ஆனால் " கடை" என்பது "கடைசி தெரு"வைப் பிடிக்கும். ஆகவே: " கடை(?: |க|ய|ங)". கடை, கடைகள், கடைக்கு, கடையை, கடைங்க வரும், கடைசி வராது.

தமிழில் முன் எல்லைதான் அதிகம் பயன்படும். பின் எல்லையை நம்ப முடியாது, நம் சொற்கள் பின்னால்தான் வளர்கின்றன.

கொருக்குப்பேட்டை கிளார்க்:

ஊர்ப்பெயர்களைத் தனியாகக் கவனியுங்கள். வடசென்னையில் இதுதான் பெரிய தொல்லை, வேறு ஊருக்கு எழுதிய விதியை இங்கே கொண்டுவந்தால் உதைப்பதும் இதனால்தான்.

குப்பம்: தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், சின்னகுப்பம், பெரியகுப்பம். சாலை: தங்கசாலை, தொழிற்சாலை. தொட்டி: ஆடுதொட்டி, அதோடு குடிநீர்த் தொட்டி. மின்: "மின்ட்" என்று எழுதினால் அது தங்கசாலைதான். அப்புறம் மணலி. மணல் கொட்டிய புகாருக்கு மேலே சொன்னபடி "மணல" என்று வெட்டினால் மணலி முழுக்க அதில் விழும்.

செய்ய வேண்டியது: புகாரின் மூலத்தைத் தொடாதீர்கள். தூய்மை செய்த பத்தியில் ரீஜெக்ஸ்ரீப்ளேஸ் வைத்து ஊர்ப்பெயர்களை இடைவெளியாக மாற்றிவிட்டு, அதன் மேல் விதியை ஓட்டுங்கள். நீளமான பெயரை முதலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீளமான பெயரில் பாதி போய்ப் பாதி மிஞ்சும்.

குப்பைக்கு ஊர் நீக்கம் மட்டும் போதாது, வெறும் "எங்க குப்பத்துல" என்றும் எழுதுவார்கள். "குப்ப" என்று குறைக்காமல் விரித்து எழுதுங்கள்:

குப்பை|குப்பய|குப்பத்தொட்|குப்பமேட|குப்ப␣

கடைசியில் உள்ள ␣ இடத்தில் இடைவெளி அடிக்கவும். "குப்ப அள்ளல" அதில் வரும், "குப்பத்துல" வராது. "குப்பத்தொட்டி"யும் "குப்பத்துல"வும் "த்" வரை ஒன்றாகப் போய் அப்புறம்தான் பிரிகின்றன, அதனால் "தொட்" வரை எழுத வேண்டும். தனியாக இருக்கும் "தொட்டி"யை எடுத்துவிடுங்கள்.

எருக்கஞ்சேரி எழுத்துரு:

"கொசு" விஷயம். லென் (எத்தனை குறி என்று எண்ணுவது) போட்டுப் பாருங்கள். பிடிக்கிற வரியில் அந்தச் சொல்லுக்கு 4 வரும், பிடிக்காததில் 5 வரும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம் (யூனிகோட் எண் 3018), ஒற்றைக் கொம்பான எகரக் குறி 3014, கால் 3006 என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. சில விசைப்பலகைகளும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையும் இரண்டாகத் தருகின்றன.

தூய்மைப் பத்தியில் சப்ஸ்டிட்யூட் (ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது), யூனிசார் (எண்ணுக்கு உரிய குறியைத் தருவது) வைத்து:
3014, 3006 சேர்ந்து வந்தால் 3018
3015, 3006 சேர்ந்து வந்தால் 3019
8203, 8204 (கண்ணுக்குத் தெரியாத குறிகள்): நீக்கம்
160 (ஒட்டும் இடைவெளி): சாதாரண இடைவெளி

தொட்டி, ரோடு, போஸ்ட், கொசு, கொழாய் எல்லாம் இதனால் பிடிபடும். விதி எழுதிய கட்டங்களுக்கும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (ஷீட்டோடு வரும் நிரல் எழுதும் வசதி) எழுதினால் நார்மலைஸ் என்கிற ஒரே கட்டளை ஒகர ஓகாரத்தைச் சேர்த்துவிடும், 8203 போன்றவற்றை மட்டும் தனியாக நீக்க வேண்டும்.

ராயபுரம் ரீஜெக்ஸ்:

இனி ஐஎஃப்எஸ்-ஐ விட்டுவிடுங்கள். விதிகளைத் தனி ஷீட்டில் அட்டவணையாக வையுங்கள். ஐந்து பத்தி: வரிசை, பிரிவு, வேண்டும் 1, வேண்டும் 2, கூடாது.

காரணம் "தண்ணி". தண்ணி வரல என்றால் குடிநீர், தண்ணி நிக்குது என்றால் மழைநீர். ஒரே சொல், இரண்டு அலுவலகம். ஒற்றைச் சொல் விதியால் இதைப் பிரிக்கவே முடியாது.

10, ஆபத்து: வேண்டும் 1 மின்கம்ப|ஒயர|வயர, வேண்டும் 2 அறுந்|தொங்|ஷாக்
20, குடிநீரில் கழிவு: குடிநீர|குழாய|கொழா|தண்ண; கலந்|நாத்தம|நாற்ற; கூடாது தேங்|நிக்கு
30, கழிவுநீர்: சாக்கட|கழிவுநீர|டிரெய்னேஜ|மேன்ஹோல
40, குடிநீர்: குடிநீர|தண்ண, வரல␣|வரலை|வரவில்ல|வராம
50, மழைநீர்: மழை|தண்ண, நிக்கு|நிக்கி|நிற்க|தேங்|வடிய
60, சாலை: சாலை|ரோடு|ரோட்ட, பள்ள(?:ம|த்த|ங்க)|குழி|பெயர்ந்|தோண்டி

"வரல" என்று மட்டும் போட்டால் "நேரில் வரலாம்" விழும். "நாத்த" என்று நிறுத்தினால் நாத்தனார் வருவார், அதனால் "நாத்தம". சாலைக்கு வேண்டும் 2 கட்டாயம், ஜி.என்.டி. சாலை என்று முகவரியில் எழுதியதெல்லாம் சாலைப் புகார் ஆகாது.

சூத்திரம்: ஃபில்டரில் பிரிவுப் பத்தியைக் கொடுத்து, மூன்று நிபந்தனை. உரையில் வேண்டும் 1 பொருந்த வேண்டும், வேண்டும் 2 பொருந்த வேண்டும், கூடாது பொருந்தியது "ஃபால்ஸ்" ஆக வேண்டும். ஒரே பிரிவு போதும் என்றால் இண்டெக்ஸ் போட்டு முதலாவது. எல்லாம் வேண்டும் என்றால் ஜாயின். எதுவும் இல்லாதபோது பிழை வரும், இஃப்எர்ரர் போட்டு "பிற". செயல்பாட்டுப் பெயர்களை ஷீட்டில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

கவனம்: வெற்றுக் கட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வேண்டும் 2 காலியாக இருந்தால் நல்லதே. "கூடாது" காலியாக இருந்தால் அந்த விதி எப்போதும் செத்துக் கிடக்கும். அங்கே உரையில் வரவே வராத "~~~" போடுங்கள். விதி வரம்பைக் கடைசி நிரம்பிய வரியோடு நிறுத்துங்கள்.

கொருக்குப்பேட்டை கிளார்க்:

சூத்திரத்தை ஃபார்ம் பதில் ஷீட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொரு பதிலும் புதிய வரியாகச் செருகப்படும், கீழே இழுத்து வைத்த சூத்திரம் அந்த வரிக்கு வராது. வேறு ஷீட்டில் மேப் வைத்து மொத்தப் பத்திக்கும் ஓட்டுங்கள். கைபேசி எண்ணை மட்டும் எழுதியவர்களின் கட்டம் எண்ணாக இருந்தால் ரீஜெக்ஸ்மேட்ச் பிழை தரும், உரையோடு ஒரு வெற்று உரையை ஒட்டினால் தீரும்.

கையால் திருத்திய பிரிவுக்குத் தனிப் பத்தி வையுங்கள். சூத்திரப் பத்தியின் மேலேயே தட்டினால் மேப் உடையும்.

எருக்கஞ்சேரி எழுத்துரு:

பேச்சு வழக்கையும் சேர்க்க வேண்டும். நம் பக்கத்தில் ழகரம் யகரமாக எழுதப்படும்: கயிவு, மய. "கயிவு" சேர்க்கலாம். "மய" மட்டும் சேர்த்தால் சமயம், மயானம், மயக்கம் எல்லாம் வரும், முன்பின் இடைவெளியோடு "␣மய␣|மயத்தண்ண" என்று சேருங்கள். "கப்பு அடிக்குது"க்கு "கப்பு அடி|கப்படி". "கப்ப" என்று குறைத்தால் கப்பல் வரும், துறைமுகப் பக்கம் அது நிறைய வரும். ணகர னகர மயக்கத்துக்கு "தன்னீர|தன்னி␣". இடைவெளி இல்லாமல் "தன்னி" என்றால் "தன்னிடம்" வரும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்களுக்குத் தனி வரிகள் வையுங்கள். முதலில் லோயர் போட்டுச் சிறிய எழுத்தாக்குங்கள். இரட்டிக்கக்கூடிய மெய்க்குப் பின் ஒரு கூட்டல் குறி போட்டால் ஒன்றும் இரண்டும் வரும். கடைசி உயிரை விட்டுவிடுங்கள், அதைத்தான் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

வியாசை வாலண்டியர்:

எல்லாவற்றையும் போட்டேன். தாழங்குப்பம், மூலக்கடை, தங்கசாலை, கொசு சரியாகிவிட்டன. ஒன்று மட்டும்: "மணலில் கால் புதையுது, ரோட்டுல கொட்டி வச்சிருக்காங்க" என்பது "பிற"வில் போகிறது. மணல் விதி இருக்கிறது.

கொருக்குப்பேட்டை கிளார்க்:

ஊர் நீக்கம் "மணலி" என்று இருக்கிறதா? "மணலில்" உள்ளே "மணலி" இருக்கிறது, அது அழிந்து "ல்" மட்டும் மிஞ்சியிருக்கும். ஊர்ப் பட்டியலில் இப்படி மாற்றுங்கள்: மணலி(?:யி|க்கு|␣).

ராயபுரம் ரீஜெக்ஸ்:

இதைத் தேடி அலையாமல் இருக்க "எது பிடித்தது" என்று ஒரு பத்தி வையுங்கள். ரீஜெக்ஸ்எக்ஸ்ட்ராக்ட் பொருந்திய சொல்லையே காட்டும். அடைப்புக்குள் கேள்விக்குறி, முக்காற்புள்ளி போடச் சொன்னது இதற்காகவும்தான், வெறும் அடைப்பாக இருந்தால் அடைப்புக்குள் இருப்பதை மட்டும் பிய்த்துத் தரும். பழைய புகார் 200 எடுத்துக் கையால் பிரிவு எழுதி, 150-ஐ வைத்து விதியைத் திருத்துங்கள். மீதி 50-ஐப் பார்க்காமல் வைத்திருந்து கடைசியில் ஓட்டிப் பாருங்கள்.

வியாசை வாலண்டியர்:

மணலி மாற்றினேன், விழுந்தது. 200 வரியை இன்று இரவு கையால் எழுதத் தொடங்குகிறேன்.