மலருக்கான பூவர் ஐயர் கட்டுரை: திருத்தங்கள்

அன்பான வட்டுக்கோட்டை உறவுகளுக்கு வணக்கம்.

மலர் வரைவில் அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் ஐயரை "யாழ்ப்பாணக் கல்லூரியின் முதல் அதிபர்" என்று போட்டிருக்கிறது. அது பிழை. அவர் நடத்தியது 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி (மத ஊழியத்துக்கு ஆள் பயிற்றும் கல்விக்கூடம் என்று பொருள்). யாழ்ப்பாணக் கல்லூரி 1872இல்தான் வந்தது, முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ். இரண்டுக்கும் வளவு ஒன்று, அங்குள்ள ஒட்லி மண்டபமும் இரண்டு காலத்துக்கும் பொது. குழப்பம் அங்கேதான்.

"செமினறி" என்ற பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. 1823இல் அமெரிக்க மிஷன் அச்சிட்ட திட்டம் தமிழ் இளைஞருக்கு ஒரு கல்லூரி என்றே சொன்னது. இலங்கையின் ஆங்கில ஆளுநர் பார்ன்ஸின் அரசு அமெரிக்கர் கால் பரப்புவதை விரும்பவில்லை. மிஷனின் அச்சு வேலைக்கு வந்த அமெரிக்கர் காரெற்றையே 1820இல் திருப்பி அனுப்பியது. கல்லூரிக்கு அனுமதி கிடைக்காததால் செமினறி ஆயிற்று.

பூவரின் பிறப்பு 1789, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து டான்வர்ஸ். படிப்பு டார்ட்மத் கல்லூரி, பிறகு அண்டோவரில் இறையியல். 1816இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வந்தார். முதல் மனைவி சூசன் 1821இல் இறந்தார். இரண்டாவது மனைவி ஆன், நல்லூர் மிஷனரி ஜோசப் நைற்றின் சகோதரி. அந்த நைற் தொடங்கிய சொற்சேகரிப்புத்தான் 1862இல் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதியாக முடிந்தது. இந்த உறவை வரைவில் விடவேண்டாம்.

பாடத்திட்டத்துக்கு இரண்டு வரி போதாது. ஆங்கிலத்தோடு உயர்தரத் தமிழும் சமஸ்கிருதமும், கேத்திரகணிதம், திரிகோணகணிதம், வானசாஸ்திரம் எல்லாம் இருந்தன. நோக்கம் மதம் பரப்புவதுதான். அதை மறைத்து எழுதக்கூடாது. வானசாஸ்திரமும் அந்த நோக்கத்துக்குப் பயன்பட்டது என்பதற்கு 1829 மார்ச் 20 சந்திரகிரகணம் நல்ல சாட்சி. பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணக்கும் பூவரின் கணக்கும் தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறையும் அளவு என்று மூன்றிலும் வேறுபட்டன. ராகு கேதுப் புள்ளியிலிருந்து (சந்திரன் பாதை சூரியன் பாதையை வெட்டும் இடம்) சந்திரன் நிற்கும் தூரம் கொஞ்சம் பிசகினாலும் மறைப்பின் அளவு மாறும். அளவு மாறினால் நேரமும் கூடவே மாறும். அன்றிரவு வானம் பூவரின் கணக்குப்படி நடந்தது. ஆனால் வரைவில் உள்ளதுபோல் "சாஸ்திரியார் மூடநம்பிக்கைக்காரர்" என்று எழுதுவது அநியாயம். அவர் கிரகணத்தைக் கணித்தே சொன்னவர். கிரகணம் வந்ததும் உண்மை. அந்த வசனத்தை எடுத்துவிடுங்கள்.

1830களின் நடுவில் பூவர் மதுரைக்குப் போனார். அங்குள்ள அமெரிக்கன் கல்லூரி நூலகம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. 1841இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தார். வரைவில் "வட்டுக்கோட்டையில் காலமானார்" என்பதும் தவறு: 1855 பெப்ரவரியில் மானிப்பாயில், வாந்திபேதியால். அதே வருடம் அமெரிக்காவிலிருந்து மிஷன் சபைச் செயலாளர் அண்டர்சன் தலைமையில் தூதுக்குழு வந்தது. ஆங்கிலப் படிப்புக்குச் செலவு அதிகம், படித்தவர்கள் மத ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று செமினறியை மூடினார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனது அதற்குப் பிறகு.

படத்துக்குக் கீழே இப்படிப் போடலாம்: "டானியல் பூவர் (1789–1855), வட்டுக்கோட்டை செமினறியின் முதல் அதிபர்."