இங்க்ஸ்கேப்: பிரஷ்டு ஸ்டீல் பேட்டர்னில் டைல் சேரும் இடம் தெரிகிறது, உதவி தேவை

புதுவரைவன்
வணக்கம். இங்க்ஸ்கேப் 1.3 வரைகலை மென்பொருளில் பிரஷ் போட்ட எஃகுத் தகடு மாதிரி ஒரு பேட்டர்ன் செய்கிறேன். 400 × 400 பிக்சல் சதுரம், சாம்பல் நிறத்தில் இடமிருந்து வலமாக ஒரு கிரேடியன்ட், அதன்மேல் டர்புலன்ஸ் ஃபில்டர் (தாறுமாறான புள்ளி, கோடுகளை உருவாக்கும் விளைவு). பேஸ் ஃப்ரீக்வன்சி (அலைகளின் நெருக்கம்) கிடைமட்டத்தில் 0.005, செங்குத்தில் 0.6. கீறல்கள் அசல் உலோகம் போலவே வருகின்றன. ஆனால் ஆல்ட்+ஐ அழுத்திப் பேட்டர்னாக்கி (சதுரமே திரும்பத் திரும்ப அடுக்கப்படும் டைல்), பெரிய செவ்வகத்தில் நிரப்பினால் கட்டம் கட்டமாகப் பிரிந்து தெரிகிறது. கீறல்கள் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கின்றன. கூடவே மெல்லிய வெளிர் கோடுகள் வேறு. ஜூமை மாற்றினால் அவை இடம் மாறுகின்றன. சிக்கல் எங்கே?

பிக்சல்பாட்டி
மூன்று கோளாறு ஒன்றாகக் கலந்திருக்கிறது.

கிரேடியன்ட் எளிது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெளுப்பு என்றால் பக்கத்து டைலோடு எப்படி ஒட்டும்? இரண்டு முனையிலும் ஒரே நிறம் வேண்டும், அல்லது கிரேடியன்டே வேண்டாம்.

ஜூமுக்கு ஏற்ப நகரும் கோடு ஆன்டி-அலையாசிங்கின், அதாவது விளிம்புகளை மென்மையாக்கிக் காட்டும் முறையின் வேலை. டைல் விளிம்பு ஒரு பிக்சலின் நடுவில் விழுந்தால் இரண்டு டைலும் அதைப் பாதிப் பாதியாக மூடும். பாதியும் பாதியும் முழுசாகிவிடாது: முதல் டைல் 50% மூடும், இரண்டாவது மீதியில் பாதியை மூடும், பின்னணி 25% எட்டிப் பார்க்கும். பேட்டர்ன் நிரப்பிய வடிவத்துக்கு அடியில் அதே சாம்பலில் ஒரு வெற்றுச் செவ்வகம் வையுங்கள். கோடு அநேகமாகக் கண்ணில் படாது.

புதுவரைவன்
நன்றி பாட்டி. அடிச்செவ்வகம் வைத்ததும் வெளிர் கோடு போய்விட்டது, கிரேடியன்டையும் எடுத்துவிட்டேன். கீறல் வெட்டுப்படுவது மட்டும் அப்படியே இருக்கிறது.

நோடுக்காரன்
அது டர்புலன்ஸின் இயல்பு. அடியில் இருப்பது கென் பெர்லின் 1985-இல் வெளியிட்ட நாய்ஸ் (தாறுமாறான வடிவ) முறை. அது உங்கள் 400 பிக்சலைக் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் நடுவில் ஒரு துண்டை வெட்டுகிறீர்கள். வலது ஓரம் இடது ஓரத்தோடு பொருந்த எந்தக் காரணமும் இல்லை.

இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜி கோப்பு வடிவத்தில் இதற்கென்றே ஸ்டிச்டைல்ஸ் என்ற பண்பு இருக்கிறது. ஃபில்டர் எடிட்டரில் தேடாதீர்கள். படத்தின் மூலக் குறியீட்டைக் காட்டும் எக்ஸ்எம்எல் எடிட்டரைத் திறந்து (கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எக்ஸ்) டர்புலன்ஸ் வரியில் சேருங்கள், மதிப்பு ‘ஸ்டிச்’ (தையல்). பெயரில் ‘டைல்ஸ்’ பகுதியின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. டைலுக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கும்படி ஃப்ரீக்வன்சி சற்றே திருத்தப்படும்.

பலரும் தடுக்கி விழுவது இதற்கப்புறம்தான். ஃபில்டரின் பரப்பு சும்மா விட்டால் பொருளைவிடப் பெரியது, எல்லாப் பக்கமும் 10% கூடுதல். அப்போது தையல் 480 பிக்சலுக்குப் பொருந்தும், உங்கள் டைலோ 400. ஃபில்டர் வரியில் எக்ஸ் 0, ஒய் 0, அகலம் 1, உயரம் 1 என்று மாற்றுங்கள். கடைசியில் எங்கே பயன்படுத்தப் போகிறீர்களோ அங்கேயே திறந்து சரிபாருங்கள்.

பிக்சல்பாட்டி
நானாக இருந்தால் ஃபில்டரையே தொடமாட்டேன். எத்தனை அழகாக இருந்தாலும் அது பிக்சல்தான், பிடிஎஃப் ஆக்கும்போது படமாகிவிடும். கீறலைக் கோடாகவே வரையுங்கள்.

நிறமுள்ள 400 × 400 சதுரத்தை ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) இல்லாமல் வைத்துக் குரூப் செய்யுங்கள். எடிட் > க்ளோன் > டைல்டு க்ளோன்ஸில் பி1 (திருப்பாமல் நகர்த்தி மட்டும் அடுக்கும் முறை) தேர்ந்து 3 × 3. க்ளோன் என்பது மூலத்தை மாற்றினால் தானும் மாறும் நகல். பிறகு மூலக் குரூப்புக்குள் நுழைந்து மெல்லிய கிடைக்கோடுகளை வரையுங்கள், விளிம்பைத் தாண்டட்டும். தாண்டியது பக்கத்து டைலில் தானாக வந்து விழும். சதுரத்தின் நிறத்தை மட்டும் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த டைலின் சதுரம் உங்கள் கோட்டை மறைத்துவிடும். எல்லாக் கோட்டையும் முழு அகலத்துக்கு இழுக்காதீர்கள், பார்கோடு மாதிரி ஆகிவிடும்.

திருப்தியானதும் க்ளோன்களை மூலத்திலிருந்து அன்லிங்க் செய்து (ஷிஃப்ட்+ஆல்ட்+டி) எல்லாவற்றையும் ஒரே குரூப் ஆக்குங்கள். நடு டைல் அளவில் ஒரு செவ்வகத்தை மேலே வைத்து க்ளிப் (செவ்வகத்துக்கு வெளியே இருப்பதை மறைப்பது), அப்புறம் ஆல்ட்+ஐ. க்ளிப்பை விட்டுவிட்டால் நீட்டிக்கொண்டிருக்கும் கோடு எல்லாமே டைல் அளவில் சேர்ந்துவிடும்.

புதுவரைவன்
பாட்டி சொன்னபடி செய்தேன், ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை! ஆனால் தள்ளி நின்று பார்த்தால் ஒரு வெள்ளைக் கீறல் மட்டும் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கிரேடியன்ட் இல்லாததால் தகடும் செத்த மாதிரி இருக்கிறது.

நோடுக்காரன்
தனித்துத் தெரியும் கீறலை எடுத்துவிடுங்கள், அல்லது ஒபாசிட்டியைக் குறைத்து மங்கலாக்குங்கள். டைலுக்குள் எதுவும் ‘என்னைப் பார்’ என்று நிற்கக் கூடாது. பளபளப்பை டைலுக்குள் வைக்கவே வேண்டாம். பேட்டர்னுக்கு மேல் முழு வடிவத்துக்கும் ஒரே கிரேடியன்டை வெள்ளையும் கறுப்புமாக மாற்றி மாற்றிப் போட்டு, ப்ளென்ட் மோடை (அடியில் உள்ளதோடு நிறம் கலக்கும் முறையை) ஓவர்லே ஆக்குங்கள். டைலில் கீறல் மட்டும், ஒளி வெளியே.

புதுவரைவன்
அட, இப்போதுதான் எஃகு மாதிரி இருக்கிறது. பேட்டர்னைச் சாய்த்தால் ஏதும் ஆகுமா?

பிக்சல்பாட்டி
சாய்க்கலாம். ஆனால் விளிம்புகள் பிக்சலோடு நேராக நிற்காது, வெளிர் கோடு திரும்ப எட்டிப் பார்க்கும். அடிச்செவ்வகத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.