இழை: ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ – வேறு சொல் வேண்டும்

மடல் 1 – மொழிபெயர்ப்பவர்

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான அறிவியல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றுக்கு மாற்று என்ன என்பதுதான் பாடம். ‘ரினியூவபிள் எனர்ஜி’க்கு வழக்கம்போல் ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்று போட்டு, வரைவை ஒரு வகுப்பில் கொடுத்துப் பார்த்தோம். ஒரு மாணவி பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: “சூரியனை யார் புதுப்பிக்கிறார்கள்?” அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் தட்டக் கை வரவில்லை. காற்றாலைப் படத்துக்குக் கீழே உள்ள சின்னக் கட்டத்திலும் அது மூன்று வரியாக உடைகிறது. குறுகிய, தெளிவான சொல் தாருங்கள்.

மடல் 2 – இலக்கண ஆசிரியர்

அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்து. ‘புதுப்பி’ பிறவினை. வீட்டைப் புதுப்பிக்கிறோம், உரிமத்தைப் புதுப்பிக்கிறோம்; செய்ய ஒருவர் வேண்டும். வெயிலும் காற்றும் தாமே வருகின்றன. என் பரிந்துரை ‘வற்றா ஆற்றல்’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ‘வற்றாத ஆறு’ என்று எல்லோரும் சொல்வதுதான். ‘ஆற்றல்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஆறு இருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம். ஆறு என்றால் ஓடும் நீர், வழி. ஆற்றுதல் என்றால் செய்தல். ஓட்டத்திலிருந்து செயல், செயலிலிருந்து வலிமை. இதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், தனி மடலில் அனுப்புகிறேன்.

மடல் 3 – மின் பொறியாளர்

ஐயா, ‘வற்றா’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மைக்குப் பொருந்தவில்லை. மழை பொய்த்தால் அணை வற்றும், நீர்மின்சாரம் குறையும். விறகும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. வளர்வதைவிட வேகமாக வெட்டினால் காடு தீர்ந்துவிடும். புவிவெப்பக் கிணற்றில் அளவுக்கு மீறி நீராவி எடுத்தால் அழுத்தம் இறங்கிவிடும். நிலக்கரியும் இயற்கை செய்ததுதானே! சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் சாய்ந்த காடுகள் கரியாகி, அதைச் சில நூற்றாண்டுகளில் எரித்துக்கொண்டிருக்கிறோம். வேறுபாடு முழுவதும் வேகத்தில் இருக்கிறது. எடுக்கிற வேகத்துக்குத் திரும்ப வருகிறதா என்பதைச் சொல் காட்ட வேண்டும்.

மடல் 4 – இதழாளர்

படிப்பவருக்குப் புரிய வேண்டாமா? ‘மரபுசாரா எரிசக்தி’ என்று செய்திகளில் பல காலமாக எழுதுகிறோம், எல்லோருக்கும் தெரியும். புதுச்சொல் ஒவ்வொன்றும் ஒரு வாசகரை இழக்க வைக்கிறது.

மடல் 5 – இலக்கண ஆசிரியர்

‘சக்தி’ வடசொல் என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். ‘எரி’ எதற்கு? சூரியத் தகட்டில் எது எரிகிறது? ஒளி பட்டதும் சிலிக்கானுக்குள் எலக்ட்ரான்கள் நகர்கின்றன, அவ்வளவுதான். ‘மரபுசாரா’ இன்னும் மோசம். கரிகாலனின் முன்னோனைப் புறநானூற்றின் 66ஆம் பாட்டு ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறது. காற்றை வேலை வாங்கிக் கப்பல் ஓட்டியவனைப் பாடிய மொழியில், காற்று மரபு சாராததா? காற்றாலை மின்சாரத்துக்கு ‘வளிமின்’ என்று வையுங்கள், கட்டத்துக்குள் அடங்கும்.

மடல் 6 – மொழிபெயர்ப்பவர்

வளிமின்னை எடுத்துக்கொள்கிறேன் ஐயா, நன்றி. ஆனால் பொதுச்சொல் இன்னும் கிடைக்கவில்லை, இன்று புதன். ‘தூய ஆற்றல்’ போடலாமா? ‘மீள் ஆற்றல்’?

மடல் 7 – மின் பொறியாளர்

தூய ஆற்றல் வேறு பொருள். அணு உலை இயங்கும்போது கரியமில வாயு வருவதில்லை, ஆனால் யுரேனியம் தோண்டி எடுப்பது, திரும்ப ஊறாது. விறகு திரும்ப வளரும், ஆனால் புகை கண்ணை எரிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பிள்ளைகள் இரண்டையும் தவறாகப் படிப்பார்கள்.

‘மீள்’ எனக்குப் பிடித்தது. ஆனால் சேர்த்து எழுதினால் ‘மீளாற்றல்’. காதில் ‘மீளா’ என்று விழுகிறது, பொருளே தலைகீழாகிவிடும்.

கணக்கேட்டைப் பாருங்கள். நிலக்கரியும் எண்ணெயும் பூமி சேர்த்து வைத்த இருப்பு. வெயில், காற்று, மழை எல்லாம் வரவு. ‘வரவாற்றல்’, ‘இருப்பாற்றல்’ என்று இணையாக வைக்கலாமே. இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின் கடைசி நேரத்தில், நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ‘நிறுத்துவது’ என்று இருந்த இடத்தில் ‘குறைப்பது’ என்று மாற்றினார்கள். மாறியது ஒரு வினைச்சொல்தான்.

மடல் 8 – வகுப்பு ஆசிரியை

நேற்று பலகையில் ‘இருப்பு’, ‘வரவு’ என்று இரண்டு கட்டம் போட்டு, பொருள்களை எழுதிய சீட்டுகளைக் கையில் கொடுத்தேன். நிலக்கரி, வெயில், காற்று, டீசல் எல்லாம் நான் எதுவும் விளக்காமலே சரியான கட்டத்துக்குப் போயின. விறகுச் சீட்டை ஒரு பையன் இரண்டுக்கும் நடுக்கோட்டில் ஒட்டினான். “மரம் நட்டா வரவு, நடலைன்னா இருப்பு, டீச்சர்” என்றான். எனக்கு ‘வரவாற்றல்’ போதும்.

மடல் 9 – இலக்கண ஆசிரியர்

கதவு + அழகு ‘கதவழகு’ ஆவதுபோல ‘வரவாற்றல்’. புணர்ச்சியில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேகமாகப் படித்தால் ‘வரலாற்றில்’ என்று கண் ஏமாறும். கதிரவனைக் கணக்குப்பிள்ளை ஏட்டில் எழுதுவதும் எனக்கு உவப்பாக இல்லை. என் வாக்கு ‘வற்றா’வுக்கே. அணை வற்றினாலும் கடலும் வெயிலும் வற்றவில்லை, மழை மறுபடி வரும்.

மடல் 10 – மொழிபெயர்ப்பவர்

வரவாற்றலுக்கு நால்வர், வற்றாவுக்கு இருவர், இதழாளர் ‘மரபுசாரா’விலேயே நிற்கிறார். தேர்வுத்தாளில் வருவது ‘புதுப்பிக்கத்தக்க’ என்பதால் பாடத்தலைப்பில் அதை மாற்றவில்லை. படங்களிலும் பயிற்சியிலும் ‘வரவாற்றல்’ போட்டேன். கட்டத்தில் ஒரே வரியில் அடங்கிவிட்டது. நடுக்கோட்டு விறகையும் பயிற்சியில் சேர்த்துவிட்டேன். கோப்பை இப்போதுதான் அனுப்பினேன்.

மடல் 11 – இலக்கண ஆசிரியர்

சரி. அடுத்த பதிப்புக்கு எப்போது திருத்தம் அனுப்பலாம்?