600 ஜிபி அழித்தும் கோட்டா குறையல: இசட்எஃப்எஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். நாகர்கோவிலில் ஒரு அலுவலக சர்வர், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஓடுகிறது. 8 டிபி வட்டு 6, ரெய்டு-இசட்2 (இரண்டு வட்டு பழுதானாலும் தரவு தப்பும் அமைப்பு). இரண்டு வட்டின் அளவு பாரிட்டிக்கு (தரவை மீட்க உதவும் கூடுதல் பதிவு) போக, 1 டிபி = 1024 ஜிபி என்ற கணக்கில் கைக்கு வருவது 29 டிபிக்குச் சற்றுக் குறைவு. தக்கலை, மார்த்தாண்டம் கிளைகளுக்குத் தனித்தனி டேட்டாசெட் (தனி அமைப்புகளோடு பிரித்த சேமிப்புப் பகுதி), கோட்டா (இட உச்சவரம்பு) 4 டிபி வீதம்.

மார்த்தாண்டம் நிரம்பிவிட்டது. பழைய ரப்பர் ரசீது ஸ்கேன் 600 ஜிபியை ஒரு மாதத்துக்கும் முன்பே அழித்தாயிற்று, இடம் துளியும் வரவில்லை. மணிக்கொரு முறை எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் உறைந்த பிரதி) அழித்த கோப்புகளின் பிளாக்குகளை (வட்டில் தரவு இருக்கும் துண்டுகளை) பிடித்து வைத்திருக்கிறது. 'கோட்டா' அதையும் சேர்த்தே எண்ணும். ஆனால் பட்டியலில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் 1, 2 ஜிபி, ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்திருக்கும் மொத்தமோ 900 ஜிபி. பல ஸ்னாப்ஷாட் பங்குபோடும் பிளாக் தனி ஒன்றின் கணக்கில் ஏறாது, அதுதான் வித்தியாசம். ஒன்றிரண்டை அழித்துப் பயனில்லை, தொடராகத்தான் எடுக்க வேண்டும். ஸ்னாப்ஷாட்டை அழிக்கும் டெஸ்ட்ராய் கட்டளையை -n, -v விருப்பங்களோடு ஒத்திகையாக ஓட்டினேன் (எதுவும் அழியாது, மிச்சமாகும் அளவு மட்டும் வரும்): 30 நாளுக்கு முந்தியவை போனால் 710 ஜிபி.

இனி 'ரெஃப்கோட்டா' (தற்போதைய கோப்புகளுக்கு மட்டுமான வரம்பு) 4 டிபி, 'கோட்டா' 5 டிபி என்று மாற்ற எண்ணம். ரெஃப்கோட்டா ஸ்னாப்ஷாட்டை எண்ணாது, கிளை ஆட்கள் அழித்தால் அவர்கள் கணக்கு உடனே குறையும். ஆனால் கோப்புகள் 4 டிபியை நெருங்கியிருக்க, ஸ்னாப்ஷாட் மிச்சமுள்ள 1 டிபியைத் தாண்டினால் மறுபடியும் எழுதுவது நின்றுவிடுமே!

கேள்வி இரண்டு. தினமும் ஸ்கேன் விழும் இடத்தில் ரெஃப்கோட்டாவுக்கும் கோட்டாவுக்கும் இடையே எத்தனை சதவீதம் இடைவெளி விடுகிறீர்கள்? மணி ஸ்னாப்ஷாட்டை எத்தனை நாளில் கழிக்கிறீர்கள்? 2 நாள் போதும் என்பது என் கணிப்பு, தினசரியை 30 நாள் வைக்கலாம். செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் உதவி.