புதுப்பிப்பு: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவின் மாத்திரை வேலை செய்யாதது ஏன்?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் (உடல் அசைவைப் பாதிக்கும் மூளை நோய்); மதியம் சாப்பிட்டதும் அதற்கான லெவோடோபா மாத்திரை பலனளிப்பதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டோம். காரணம் புரதம்தான். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலைத் தாண்டவும், பிறகு ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் ஒரே வகைக் கடத்திகளுக்குப் (அவற்றைச் சுமந்து உள்ளே விடும் புரதங்களுக்கு) போட்டி போடுகின்றன. சாப்பாட்டில் புரதம் நிறைய இருந்தால் மருந்து பின்தங்கிவிடுகிறது.

இப்போது மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. புரதத்தில் பெரும்பங்கு இரவுக்கு. மதியத்திலும் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார், எவ்வளவு நிம்மதி! இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபா உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால் அதையும் வேறு நேரத்துக்கு மாற்றியாயிற்று.

அப்புறம், புரதத்தையே நிறுத்திவிடலாமா என்று கேட்டவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். எடையும் தசையும் குறைந்தால் தடுமாறி விழும் அபாயம் கூடும். நேரத்தை மாற்றுவதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.