ஏழு மாதமாகியும் இந்த ஊர் நண்பர் ஒருவர்கூட இல்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையிலிருந்து போன ஆகஸ்டில் வந்தேன், ஒஹாயோவில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ், இப்போது இரண்டாவது செமஸ்டர். வகுப்பில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அறையில் இருப்பவர்களும் தமிழ், தெலுங்குதான். அவர்களால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அமெரிக்க மாணவர்களோடு பேச்சு "ஹவ் ஆர் யூ"வைத் தாண்டவில்லை. அது வெறும் வணக்கம்தான், பதிலுக்கு யாரும் நிற்க மாட்டார்கள் என்று புரியவே ஒரு மாதம் ஆனது.

செய்து பார்த்தவை: செப்டம்பரில் நான்கு கிளப்பில் பெயர் கொடுத்தேன். மலையேற்றக் குழுவோடு மூன்று முறை போனேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்கள். நூலகத்தில் வாரம் 18 மணி நேரம் வேலை (எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது 20 மணிதான் உச்சம்), கூட வேலை பார்க்கும் பையன் "ஒருநாள் வெளியே போவோம்" என்று இரண்டு முறை சொன்னான், சரி, சனிக்கிழமை வசதியா என்று மெசேஜ் போட்டால் ஒரு ஹார்ட் மட்டும் வந்தது. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு ஒரு குடும்பம் அழைத்தது. அன்றுதான் மூன்று மணி நேரம் மனம்விட்டுப் பேசினேன், கிளம்பும்போது அந்த வீட்டுப் பாட்டி மீதமிருந்த பூசணி "பை" (pie) பலகாரத்தை அலுமினியத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். அப்புறம் தொடர்பில்லை.

கார் இல்லை, குடிக்கும் பழக்கமும் இல்லை, வார இறுதியில் இரவு 9 மணிக்கு மேல் பஸ் கிடையாது.

இங்கே படித்தவர்களே, இப்படி அறிமுகத்தோடு நின்றுபோகும் ஒருவரை நண்பராக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?