சுட்ட கோதை எவ்வளவு அமத்தணும்? .308 ரீலோடிங், குறி சிதறுது

பண்டாரவளை_லேத்:
எல்லாருக்கும் வணக்கம். நான் தோட்டத்து பெக்டரி வேர்க்ஷொப்புல லேத்ல நிக்கிறவன், துவக்கு விஷயம் எனக்கு புதுசு. பெரியப்பா மகன் அண்ணன் ஒஸ்ரேலியாவுல ரைபிள் கிளப் மெம்பர், .308 வின்செஸ்டர் போல்ட் அக்ஷன் (பின்னால இருக்கிற போல்ட்ட கையால தள்ளி மூடுற ரைபிள்) வச்சிருக்காரு, அங்க லைசன்ஸோட வீட்டுலயே ரவை ரீலோட் பண்றாரு, அதாவது சுட்ட வெறும் பித்தளை கோதை டைங்கிற அச்சுல அமத்தி பழைய அளவுக்கு கொண்டு வந்து (இதுதான் சைஸ் பண்றது) திரும்ப நிரப்புறாரு. இப்ப 300 மீட்டர்ல குறி மேலயும் கீழயுமா சிதறுதாம், சில கோதுல அடிக்கு கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் வேற தெரியுதாம். கிளப்புல ஒருத்தர் குண்ட பிடிக்கிற கழுத்த மட்டும் சைஸ் பண்ணு உடம்ப தொடாதங்கிறாரு, இன்னொருத்தர் முழுசா அமத்துங்கிறாரு. மைக்ரோமீட்டர் கணக்குன்னா எனக்கு வெளங்கும்னு என்னைய கேக்குறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தலவாக்கலை_மெல்பர்ன்:
தம்பி, குறி அப்புறம், முதல்ல அந்த வளையத்த பாக்க சொல்லுங்க. ஒரு ஜெம் கிளிப்ப நீட்டி நுனிய கொக்கி மாதிரி மடக்கி கோதுக்குள்ள விட்டு, அடியில இருந்து சுவர உரசிக்கிட்டே மேல இழுக்கணும், வளையம் இருக்கிற எடத்துல நுனி ஒரு பள்ளத்துல விழுந்து ஏறுச்சுன்னா அங்க பித்தளை மெலிஞ்சு போச்சு, அந்த கோதை அன்னைக்கே தூக்கி போடணும், அடுத்த சூட்டுல ரெண்டா பிரிஞ்சு சூடான வாயு முகத்துக்கு வரலாம். இது வர்றதுக்கு காரணம் ஷோல்டர, அதாவது உடம்பு கழுத்தா ஒடுங்குற சரிவ, தேவைக்கு மேல பின்னால தள்ளுறது. சுடுறப்ப கோது சேம்பர் (துவக்குக்குள்ள ரவை இருக்கிற அறை) அளவுக்கு விரியும், டைல நீங்க அதை ரொம்ப கட்டையாக்கினா அடுத்த தடவை சுடும்போது முன்பக்கம் சேம்பர்ல ஒட்டிக்கும், அடிப்பக்கம் போல்ட்ட நோக்கி இழுபடும், ஒவ்வொரு சூட்டுக்கும் இதே கதை. சுட்ட கோதை ஒண்ணு, சைஸ் பண்ணதை ஒண்ணு ஷோல்டர் வரைக்கும் அளந்து போட சொல்லுங்க. அடியில இருக்கிற பழைய ப்ரைமர (பத்த வைக்கிற சின்ன மூடி) தட்டி எடுத்துட்டு அளக்கணும், இல்லன்னா அளவு பொய் சொல்லும்.

கண்டி_303:
நெக் சைஸிங் மட்டும்ங்கிற பேச்சு நிறைய பழைய .303 ஆக்கள்கிட்ட இருந்து வந்தது. அந்த கோதுக்கு அடியில விளிம்பு இருக்கு, துவக்குல அது நிக்கிறதே அந்த விளிம்புலதான், ஷோல்டர்ல இல்ல. .303 சுடுற பழைய பிரிட்டிஷ் ஆர்மி ரைபிள் லீ என்பீல்ட், அதோட சேம்பர சேறு மண்ணுக்கு ஈடுகுடுக்க தாராளமா வெட்டியிருப்பாங்க, முழுசா சைஸ் பண்ணா கோது சீக்கிரம் போயிரும். 1900ல கண்டியில தொடங்குன தோட்டத்துரைமாரோட பிளான்டர்ஸ் ரைபிள் கோர் காலத்து துவக்கு அந்த வகைதான். .308 அப்படி இல்ல, விளிம்பில்லாத கோது, ஷோல்டர்லதான் நிக்கும், அதனால அந்த புத்திய இதுக்கு அப்படியே போடாதீங்க. இத வாசிக்கிற நம்ம பொடியன்களுக்கும் ஒண்ணு, இங்க லைசன்ஸ் இல்லாம ரவை நிரப்புற வேலைக்கு கைவைக்க வேணாம்.

பண்டாரவளை_லேத்:
அண்ணன் அளந்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாரு. சுட்டது 1.632 இஞ்சி, சைஸ் பண்ணது 1.624. டைய, கோதை அடியில பிடிக்கிற ஷெல் ஹோல்டர்ல முட்ட வச்சு அதுக்கு மேல கால் சுத்து இறுக்கினாராம், பெட்டியில அப்படித்தான் போட்டிருக்காம். ஜெம் கிளிப் ரெண்டு கோதுல மாட்டுச்சாம், தூக்கி போட்டுட்டாரு. அப்ப கழுத்த மட்டும் பண்ணவா?

தலவாக்கலை_மெல்பர்ன்:
வித்தியாசம் இஞ்சில ஆயிரத்துல 8 பங்கு, ரொம்ப கூட. போல்ட் அக்ஷனுக்கு ஆயிரத்துல 1, 2 போதும். நீங்க லேத் ஆள், கணக்கு சுலபம்: டை 7/8 இஞ்சி, இஞ்சிக்கு 14 மரை, ஒரு முழு சுத்துக்கு ஆயிரத்துல 71 நகரும். டைய கொஞ்சம் கூடவே தளத்திட்டு சின்ன சின்னதா இறக்கி ஒவ்வொரு தடவையும் அளக்க சொல்லுங்க. டை கோதோட உடம்ப நெருக்கும்போது ஷோல்டர் முதல்ல கொஞ்சம் முன்னால போயிட்டுதான் பின்னால வரும், அத பாத்து பயப்பட வேணாம், 1.630 வந்ததும் லொக் பண்ணிரணும்.

கழுத்த மட்டும் பண்ணா சில சூட்டுக்கு நல்லாத்தான் போகும், அப்புறம் உடம்பு தடிச்சு போல்ட் இறுகும், ஒண்ணு லேசா மூடும் ஒண்ணு பலமா அழுத்தணும், அந்த வித்தியாசமே குறிய கெடுக்கும். அதனாலதான் மேசையில துவக்க வச்சு குறி போட்டி சுடுற பெஞ்ச்ரெஸ்ட் ஆக்களே இப்ப பெரும்பாலும் முழுசாத்தான் சைஸ் பண்றாங்க, ஆனா அளந்து.

மேல கீழ சிதறலுக்கு நான் சந்தேகப்படுறது கழுத்துப் பிடி. கழுத்து ஒரு குண்ட இறுக்கியும் இன்னொண்ண தளர்வாவும் பிடிச்சா வேகம் மாறும், வேகம் மாறினா தூரத்துல உயரம் மாறும். டைக்குள்ள இருக்கிற, கழுத்த உள்ளிருந்து விரிக்கிற எக்ஸ்பேண்டர் பந்து காஞ்ச கழுத்து வழியா கிறீச்னு சத்தத்தோட வெளிய வந்தா கழுத்த ஒரு பக்கம் இழுத்து கோணலாக்கும். கழுத்துக்கு உள்ளயும் லேசா லூப் (வழுக்குறதுக்கான எண்ணெய்) தடவ சொல்லுங்க, ஷோல்டர்ல மட்டும் கூட தடவ வேணாம், குழி விழும். பித்தளை பல தடவை சுட்டதுன்னா விறைச்சிருக்கும், அமத்தினாலும் திரும்ப நிமிரும், அப்ப அனீல் பண்ணாம (சூடாக்கி மெதுவாக்காம) அளவு ஒண்ணா வராது. வேற வேற கம்பெனி கோதை கலக்கவும் வேணாம்.

பண்டாரவளை_லேத்:
ரொம்ப நன்றி அண்ணே. அந்த கிறீச் சத்தம் இருக்குன்னு இப்பத்தான் சொல்றாரு. கோதெல்லாம் ரெண்டு கம்பெனிதான், பிரிச்சு வைக்க சொல்லிட்டேன்.